ஆம்னிக்குள் ஒரு கட்டில்

வெளியூர் போனால் உள்ளேயே படுத்துத் தூங்குகிற மாதிரி ஒரு பழைய வேன் வேண்டும். வண்டி, பேர் மாற்றம், உள்ளே செய்யும் வேலை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. வீட்டில் இப்படிப் பேசி முடித்த பிறகுதான் வண்டி தேடவே ஆரம்பித்தோம்.

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்தினால் திங்கட்கிழமை திறந்தால் போதும். நடுவில் எங்காவது போகலாம் என்றால் ரூம் வாடகையே பாதிக் காசைத் தின்றுவிடுகிறது. ஆடிப்பெருக்கு சமயத்தில் ஒகேனக்கலில் ரூம் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடகையைச் சொல்லும்போது சொல்கிறவர் நம் முகத்தைப் பார்க்கவே மாட்டார். எங்களுக்கு சிங்க், ஃபிரிட்ஜ், மடக்கு மேஜை எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்க வேண்டும், கொசு கடிக்கக் கூடாது, உள்ளே வேகக் கூடாது. காசு முழுக்க இந்த மூன்றுக்கும்தான் போக வேண்டும் என்று முதலிலேயே முடிவு.

மாருதி ஈக்கோ வேன் விலை கைக்கு எட்டவில்லை. மாருதி ஆம்னி 2019-இலேயே உற்பத்தி நின்றுபோன வண்டி என்றாலும் எங்கள் பக்கம் இன்னும் ஊருக்கு நாலு ஓடுகிறது. 796 சிசி இன்ஜின். மாரண்டஅள்ளியிலும் சரி, அரூரிலும் சரி, மரத்தடி மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். விற்பனைக்கு வந்ததில் சிலவற்றைப் பார்த்ததுமே ஒதுக்கினோம். கார்கோ ஆம்னியில் பின்னால் சீட்டே இல்லை, கட்டில் போட வசதி; ஆனால் நான் பார்த்தவை ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், சரக்கு வாகனமாக இருந்தன, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் தனி. கேஸ் கிட் மாட்டிய வண்டிகளில் பின் இடத்தைப் பாதி சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும், அந்த கிட் ஆர்.சி.யில் ஏறியிருக்காது. சமையல் சிலிண்டரை வைத்தே ஓட்டிக் கொண்டிருந்த ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் வந்துவிட்டோம்.

வருஷமும் முக்கியம். தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து முதல் புதுப்பிப்புக்குக் கட்டணமே 5,000 ரூபாய். அதோடு பசுமை வரி, துரு வெட்டி வெல்டிங், பெயின்ட் என்று போய்க்கொண்டே இருக்கும். பதினாலு வருஷத்து வண்டி மலிவாக வருகிறதென்றால் காரணம் இதுதான். நாங்கள் 2014 மாடல், தர்மபுரிப் பதிவான டி.என். 29 வண்டியாகப் பார்த்து எடுத்தோம். கிருஷ்ணகிரியின் 24, ஓசூரின் 70 வண்டிகளும் நல்லதாகவே வந்தன, ஆனால் உள்ளூர் ஆர்.டி.ஓ.விலேயே பேர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களோடு வேலை முடியட்டும் என்று விட்டுவிட்டோம். விலை 1,18,000. வாங்கும்போது கால்மிதியைத் தூக்கித் தரைத் தகரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பக்கக் கதவு ஓடுகிற தண்டவாளத்தையும் பாருங்கள். ஆம்னி துருப்பிடிக்க ஆரம்பித்தால் இந்த இரண்டு இடத்திலும் தெரிந்துவிடும்.

பட்டறைக்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உற்சாகமாகிவிட்டார்.

“மேல ஒரு ஓட்டை போட்டு ஃபேன் எறக்கிரலாங்ணா. பின்னாடி தகரத்த வெட்டி ஒரு பொட்டி கட்டுனா சாமானுக்கு எடம் ஆச்சு.”

“ஆர்.சி.யில என்னன்னு போடுவாங்க?”

“அதெல்லாம் எவன் பாக்குறான்?”

பார்ப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. எஃப்.சி.யில் தப்பினாலும் விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் விடமாட்டார். அதனால் வண்டியில் ஒரு ஓட்டை போடுவதில்லை, ஒரு ஸ்க்ரூ முறுக்குவதில்லை, சீட்டைக் கழற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். உள்ளே வைப்பது எல்லாம் கையால் தூக்கி வெளியே வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். சட்டத்துக்குப் பயந்து எடுத்த முடிவுதான், ஆனால் செலவை இந்த அளவுக்குக் குறைத்ததும் இதுதான். வெல்டிங் கூலி, டிங்கரிங், பெயின்ட் மூன்றும் அப்படியே மிச்சம்.

கட்டிலுக்கு மரம் ஓசூரில் எடுத்தேன். சிப்காட் கம்பெனிகளுக்கு மெஷின் வருகிற பேக்கிங் பெட்டியும், அதன் அடியில் வைக்கிற மரத்தட்டான பேலட்டும் பழைய சாமான் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். பைன் மரம், தேக்கைவிட ரொம்ப லேசு. வெளிநாட்டிலிருந்து வந்த பலகையில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் HT என்று இருந்தால் பூச்சி போகச் சூடுபடுத்தியது. MB என்று இருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது. படுக்கிற இடத்துக்கு அது வேண்டாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்; நான் ஒவ்வொரு பலகையாகப் புரட்டி முத்திரை பார்த்துத்தான் எடுத்தேன். ஆணியைப் பிடுங்கி, ரம்பம் வைக்கும் முன் காந்தத்தை ஓட்டி உள்ளே உடைந்த ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காரிமங்கலம் ஆசாரி ஒருவர் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். பின் சீட்டை மடித்துவிட்டு அதற்கு மேலே வருகிற உயரத்தில் கால் வைத்த மூன்று மரச்சட்டம். ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்குகிற எடை. மேலே பலகையை ஒட்டி ஒட்டி அடிக்கப் போனவரை நிறுத்தி விரலிடை விட்டு அடிக்கச் சொன்னேன். அடியில் காற்று போகாவிட்டால் நம் வியர்வையிலேயே மெத்தைக்குப் பூஞ்சை வந்துவிடும். “அப்ப பலகையும் கம்மியாத்தான் ஆவும், நல்லதுதான் தம்பி” என்றார். எனக்கு ஐந்தடி நாலங்குலம். ஓட்டுநர் சீட்டை முழுக்க முன்னே தள்ளினால்தான் கால் நீளும். மனைவிக்கு அந்தக் கவலை இல்லை. உட்கார்ந்தால் இருவருக்கும் தலை இடிக்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். மெத்தை மூன்றங்குல ஃபோம், சட்டத்துக்கு ஒன்றாக மூன்று துண்டு. இலவம்பஞ்சு குளிர்ச்சிதான், ஆனால் மடித்து வைத்தால் பாதி வண்டியை அடைத்துக்கொள்கிறது.

இனி வெயில். சித்திரையில் எங்கள் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே படுப்பது என்றால் சொல்ல வேண்டியதில்லை. ஷெட் கூரைக்கு அடிக்கிற வெள்ளிப் பூச்சு பபுள் ஷீட் வாங்கினேன். அதைக் கூரையோடு பசை போட்டு ஒட்டினால் பாதிப் பலன் போய்விடும். வெள்ளிப் பக்கத்துக்கு எதிரே கொஞ்சம் காற்று இடைவெளி இருந்தால்தான் அது சூட்டைத் திருப்பி அனுப்பும். ஒட்டாமல், ஸ்க்ரூ போடாமல், இடைவெளியும் விட்டு எப்படி நிறுத்துவது? இதற்கு வழி சொன்னது சந்தையில் கூடை முடைந்து விற்கிற ஒரு அம்மா. மூங்கில் பிளாச்சு (பிளந்த பட்டை) வாங்கப் போன இடத்தில் விஷயத்தைச் சொன்னதும், கூண்டு வண்டிக்கு வளைக்கிற மாதிரி வளைச்சு உடுப்பா என்றார். ஆம்னியின் அகலத்தைவிட ஒரு சாண் நீளமாகச் சீவிய பிளாச்சு. இரண்டு முனையையும் ஜன்னலுக்கு மேலே இருக்கிற விளிம்பில் ஊன்றி நடுவை மேலே தள்ளினால் வில்லாக வளைந்து ஷீட்டைத் தாங்கிக்கொள்கிறது. அப்படி நாலு. பச்சையாக இருக்கும்போதே வளைத்துக் கட்டி நிழலில் காயவைக்கச் சொன்னார். காய்ந்த பிறகு வளைத்தால் நார் தெறிக்கும். கைபடும் இடத்தில் கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கிக் கொடுத்தார். மொத்த வேலையிலும் என் மனசுக்குப் பிடித்தது இந்த நாலு மூங்கில்தான், விலையும் அதற்குத்தான் மிகக் குறைவு.

அதற்காக மத்தியானம் உள்ளே படுத்துவிட முடியாது. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் வண்டியை நிறுத்தின பிறகும் அந்தச் சூடு உள்ளேதான் வரும். சாயங்காலமே நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து போட்டு, சமையலை முடித்துவிட்டுத்தான் படுக்கப் போகிறோம். பகலில் புளியமரத்து நிழல் உத்தமம். மாமரம் வைகாசியில் வேண்டாம். பெங்களூரா காய் ஒன்று ராத்திரி தகரத்தில் விழுந்தால் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடும்.

ஜன்னலுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தடை செய்துவிட்டது. மீதி பபுள் ஷீட்டைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறோம். நிறுத்தின பிறகு செருகுவது, கிளம்பும் முன் உருவுவது. கொசுவலை காந்தத்தில் நிற்கிறது. வலையின் ஓரத்தில் சின்னச் சின்ன வட்டக் காந்தம் வைத்துத் தைத்தால் வெளித் தகரத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். தைக்கும்போது காந்தத்தை உள்ளே வைத்து மெஷினில் விட்டால் தையல் மெஷினின் பாதமே அதைப் பிடித்துக்கொண்டு துணியை நகரவிடாது. முதலில் பை பையாகத் தைத்துக்கொண்டு, காந்தத்தைப் போட்டு, வாயைக் கையால் மூட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு ஜன்னலாவது வலையோடு திறந்தே இருக்கட்டும். மூடிவிட்டால் விடியும்போது கண்ணாடி முழுக்க வேர்த்து ஒழுகும்.

மின்சாரத்துக்கு வண்டி பேட்டரியைத் தொடவில்லை. வத்தல்மலை மேலே காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் தள்ளிவிட யார் வருவார்கள்? கணக்கு இப்படி: 10 வாட் டி.சி. ஃபேன் எட்டு மணி நேரம், 80 வாட்-அவர். 5 வாட் விளக்கு மூன்று மணி நேரம், 15. போன் இரண்டுக்கும் ஒரு 30. ஆக ராத்திரிக்கு 125. ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதனால் பெரிதாக வாங்க வேண்டும், கனமும் அதிகம். 12.8 வோல்ட், 18 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஒன்று வாங்கினேன், ஏறக்குறைய 230 வாட்-அவர். 50 வாட் சோலார் பேனல் கூரையில் இல்லை, நிறுத்தின இடத்தில் சக்கரத்தில் சாய்த்து வெயிலுக்குத் திருப்பி வைப்பதுதான். வண்டி நிழலில், பேனல் வெயிலில். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வருகிற கன்ட்ரோலர் லித்தியத்துக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். பேட்டரியைப் பின் பக்கம் வைப்பது நல்லது, முன்னால் இன்ஜின் சூடு.

உள்ளே சமைப்பதில்லை. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் பின்கதவைத் திறந்து வெளியே இறக்கிவைத்துத்தான் பற்றவைப்போம். கேழ்வரகு மாவும் கொள்ளுத் துவையலும் இருந்தால் ராத்திரிக்குக் களி, விடிந்தால் கூழ், முடிந்தது. ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டோ ஜெனரேட்டர் வைத்தோ தூங்குகிற யோசனையே வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்தது ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடால்தான்.

தண்ணீர் 20 லிட்டர் கேன், கைப்பம்பு. குடிக்க வீட்டிலிருந்தே நிரப்பிக்கொள்கிறோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. தெரிந்தவர் தோப்புதான் முதல் தேர்வு. காவேரிப்பட்டணத்துப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற நண்பர்கள் உண்டு, காவல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அடுத்தது நான்கு வழிச்சாலை பெட்ரோல் பங்க். வெளிச்சமும் கழிப்பறையும் இருக்கும், லாரிச் சத்தத்துக்குப் பழக வேண்டும். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டு ஓரத்தில் நிறுத்துவதே இல்லை. ராகி முற்றும் சமயத்தில் யானை இறங்கும், நம் வண்டியில் சாப்பாட்டு வாசனையும் இருக்கும். இருட்டும் முன் ஊருக்குள் வந்து கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவோம். தொப்பூர் இறக்கத்தில் பின்னால் சாமான் ஏற்றிய ஆம்னியைக் கீழ் கியரில்தான் இறக்க வேண்டும். சிலிண்டர், கேன், பேட்டரி மூன்றையும் பெல்ட் போட்டுக் கட்டாமல் அந்த வழி போகாதீர்கள். பிரேக் அடித்தால் எல்லாம் நம் முதுகுக்குத்தான் வரும்.

உள் வேலைக்கு மொத்தம் 16,000 ரூபாயை ஒட்டி ஆனது. மரமும் கூலியும் 3,300, மெத்தை 3,200, பேட்டரி 5,000, பேனலும் கன்ட்ரோலரும் 2,300; மிச்சம் ஷீட், வலை, காந்தம், ஃபேன், விளக்கு. அடுப்பும் சிலிண்டரும் வீட்டில் இருந்ததே. பேர் மாற்றம், இரண்டு டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தும் ஒன்றரை லட்சத்துக்குள் நின்றது. மழைக்குப் பின்கதவின் மேல் போட ஒரு தார்ப்பாய் மட்டும் பாக்கி, ஐப்பசிக்குள் வாங்க வேண்டும். வார நாளில் மரச்சட்டம் மூன்றும் திண்ணைக்கு இறங்கிவிடும், சீட்டை நிமிர்த்திவிட்டு கடைக்குப் பேப்பர் பண்டல் ஏற்றி வருவதும் இதே வண்டியில்தான்.