தடிமன் அப்படியே இருந்துச்சு, கிளட்ச் மட்டும் போயிருந்துச்சு

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிளட்ச் பிளேட் கம்பெனியோட டெஸ்ட் லேப்ல டிரெய்னியா சேர்ந்தப்போ எனக்குக் குடுத்த முதல் வேலை மைக்ரோமீட்டர் பிடிக்கிறது. வாரண்டில திரும்பி வந்த பைக் கிளட்ச் பிளேட்டெல்லாம் பெட்ரோல்ல கழுவி, காயவச்சு, ஒவ்வொண்ணுலயும் நாலு இடத்துல தடிமன் அளந்து எழுதணும். புதுசுல 3 மிமீ, திரும்பி வந்தது 2.95, 2.94. லிமிட்டுக்குள்ளதான இருக்கு, அப்போ பிளேட் ஓகே, ஓட்டினவர் அரை கிளட்ச்லயே ஓட்டியிருப்பார்னு ரிப்போர்ட் போயிடும். அவரோ ‘வண்டி ரேஸ் ஆகுது, இழுக்க மாட்டேங்குது’ன்னு டீலர்கிட்ட கத்திக்கிட்டு இருப்பார். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைன்னு எனக்குப் புரிய ஒன்றரை வருஷம் ஆச்சு.

கார்ல இருக்கற டிரை கிளட்ச் தேஞ்சா தடிமன்லயே தெரிஞ்சிடும், மொத்தமா போச்சுன்னா ரிவெட் வெளிய வந்து இளிக்கும். பைக்ல கிளட்ச் இன்ஜின் ஆயில்லயே முங்கி கிடக்குது, அங்க கதை வேற. பிளேட் மேல ஒட்டியிருக்கற பிடிப்புப் பட்டை, அந்த லைனிங்க நாங்க பேப்பர்னுதான் சொல்லுவோம், நெஜமாவே பேப்பர் மாதிரிதான் செய்றாங்க, செல்லுலோஸ் நார், அராமிட் நார், கொஞ்சம் கிராஃபைட்டு, டயட்டமைட்டு எல்லாம் சேர்த்து ஷீட்டாக்கி ஃபினாலிக் ரெசின் ஊத்தி வேகவைக்கிறது. முக்கியமான விஷயம் என்னன்னா அது பூரா ஓட்டை. பிளேட்ட அமுக்கும்போது நடுவுல மாட்டின ஆயில் அந்த ஓட்டைக்குள்ளயும், குரூவ்னு வெட்டியிருக்கற பள்ளம் வழியாவும் ஓடினாத்தான் நார் போய் ஸ்டீல் பிளேட்ட தொடும், பிடிப்பு வரும். ஓடலன்னா ஆயில் மேலேயே மிதந்துக்கிட்டு வழுக்கும்.

இத டெஸ்ட் பண்றதுக்கு எஸ்ஏஇ நம்பர் 2 மெஷின்னு ஒண்ணு. ஒரு ஃப்ளைவீல 3600 ஆர்பிஎம்ல சுத்த விட்டு, கிளட்ச அமுக்கி நிறுத்துறது, மறுபடி சுத்துறது, மறுபடி நிறுத்துறது, ராத்திரி பூரா இதேதான். ஒவ்வொரு தடவையும் டார்க், அதாவது சுத்துவிசை, எப்படி ஏறுது இறங்குதுன்னு ஒரு கோடு வரும். ஈரத்துல மியூ, அதாவது உராய்வு எவ்வளவுங்கற கணக்கு, பெரிய நம்பரெல்லாம் இல்ல, 0.10ல இருந்து 0.15 வரைக்கும்தான் சுத்தி சுத்தி வரும். நான் ஆரம்பத்துல அந்த சராசரி நம்பர மட்டும் பார்த்து எழுதிட்டிருந்தேன். கோடோட கடைசிய பாருன்னு சொன்னது எங்க சீனியர் டெக்னீஷியன் அண்ணன். நிக்கப் போற நேரத்துல சிலதுல கோடு சட்டுனு மேல தூக்கும், அதுக்குப் பேரே சேவல் வால், இங்கிலீஷ்லயும் அப்படித்தான் சொல்றாங்க. வேகம் குறையக் குறைய உராய்வு கூடுதுன்னு அர்த்தம், ரோட்ல இது சிக்னல்ல கிளம்பும்போது வண்டி உதறலா வரும். அண்ணனுக்கு கோடே தேவையில்ல. டீ குடிச்சுக்கிட்டே, மெஷின் நிக்கும்போது ‘கீக்’குனு ஒரு சத்தம் வந்தா ‘தம்பி, வால் தூக்கிருச்சு பாரு’ம்பார், போய் பார்த்தா தூக்கியிருக்கும்.

ஒரு நாள் நான் 2.94னு எழுதி ஓகே போட்ட பிளேட்ட அவர் கையில எடுத்து லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பார்த்தார். இங்க் ஃபில்லர் மாதிரி ஒண்ணு வச்சிருந்தார், அதுல புது ஆயில் எடுத்து ஒரு புது பிளேட் மேல ஒரு சொட்டு விட்டார், நான் கண்ண சிமிட்டுறதுக்குள்ள உள்ள போயிடுச்சு, ஈரத்தடம் மட்டும். அப்புறம் என் ‘ஓகே’ பிளேட் மேல ஒரு சொட்டு. சேம்பு இலையில தண்ணி நிக்கற மாதிரி உருண்டையா நின்னுச்சு. நின்னுக்கிட்டே இருந்துச்சு. ‘இதுல எங்க தம்பி ஓகே?’ன்னார். எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

தேயறதுன்னா குறையறதுன்னு மட்டும்தான் நான் நெனச்சிட்டிருந்தேன். இங்க எதுவும் பெருசா குறையல, ஓட்டை அடைஞ்சிருக்கு. வழுக்குது, வழுக்கறதால சூடு, சூட்டுல ஆயில் கருகி கருப்பா ஓட்டைக்குள்ள ஒட்டுது, நாரும் தீயுது, மேல்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகுது, அதனால இன்னும் வழுக்குது. ஜோடி ஸ்டீல் பிளேட்ல நீலம் நீலமா திட்டு இருக்கும், அத நாங்க அளக்கறதே இல்ல, ஓரமா போட்டுடுவோம்.

முதல்ல ஏன் வழுக்குச்சுங்கறதுக்கு பாதி கேஸ்ல ஆயில்தான் பதில், விசாரிச்சா ‘கார் ஆயில்தான் சார், மைலேஜ் நல்லா தரும்னு கடையில குடுத்தாங்க’ம்பாங்க. அந்த மாதிரி ஆயில்ல உராய்வ குறைக்கறதுக்குன்னே மருந்து கலந்திருக்கும், இன்ஜினுக்கு அது தேன், அதே ஆயில்ல குளிக்கற கிளட்சுக்கு விஷம். ஜப்பான்காரங்க 1998லயே ஜாசோங்கற அவங்க ஸ்டாண்டர்ட்ல பைக் ஆயில எம்ஏ, எம்பின்னு பிரிச்சது இதுக்காகத்தான், 2006ல எம்ஏவையே எம்ஏ1, எம்ஏ2ன்னு இன்னும் பிரிச்சாங்க. எம்ஏ ஆயில்ல முங்கற கிளட்சுக்கு, எம்பி ஸ்கூட்டருக்கு, அங்க கிளட்ச் ஆயில்ல முங்காது. டப்பா பின்னாடி பொடி எழுத்துல இருக்கற இத யார் படிக்கறாங்க, விக்கறவரே படிக்கறதில்ல. நாங்க நல்ல புது பிளேட்ட வச்சு கார் ஆயில் ஊத்தி அந்த டெஸ்ட் மெஷின்ல ஓட்டிப் பார்த்தோம், முதல் நூறு சைக்கிள்லயே கோடு மொத்தமா கீழ உக்காந்துச்சு. பிளேட்ல ஒரு குத்தமும் கெடையாது.

அதுக்கப்புறம் சொட்டு உள்ள போற நேரத்த ஸ்டாப்வாட்ச் வச்சு எடுத்து ரிப்போர்ட் ஃபார்மேட்ல அதுக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். எந்த ஸ்டாண்டர்ட்ல இருக்குன்னு கேட்டாங்க, எங்க ஃபில்லரும் அண்ணனோட கண்ணும்தான் ஸ்டாண்டர்ட்னு சொல்ல முடியுமா, சேர்க்கல. அண்ணன் ரிட்டயர் ஆகும்போது அந்த ஃபில்லர என் மேஜை டிராயர்ல போட்டுட்டுப் போனார். ஃபார்மேட்ல இன்னைக்கும் தடிமன் நாலு கட்டம், ரெண்டு தசமம். சொட்டு நேரத்த ரிமார்க்ஸ்ல பென்சில்ல எழுதிக்கிட்டு இருக்கேன்.