ரிச்சி தெருவில் கேம் விளையாடாதவன்

“என்ன கேம் விளையாடுவீங்கண்ணா?”

புதுக் கம்ப்யூட்டருக்குச் சாமான் வாங்கச் சென்னை ரிச்சி தெருவில் நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் முதல் கேள்வி இதுதான். நாற்பத்தாறு வயது, கையில் மஞ்சப்பை, நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கக் கசங்கிய சட்டை. என்னைப் பார்த்து இப்படிக் கேட்க அந்தப் பையன்களுக்கு எப்படித்தான் தோன்றியதோ. கேம் இல்லை தம்பி, பாட்டு என்றேன்.

“பாட்டு கேக்கவா? அதுக்குப் பழைய சிஸ்டமே போதுமேண்ணா.”

கேட்பதற்கு இல்லை, செய்வதற்கு. பகலில் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன்; அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் காலம் வந்தால் வில்லிசைக் குழு ஒன்றுக்குக் கீபோர்டு. எங்கள் பக்கம் ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் அம்மனுக்கென்று தனிப் பாட்டு வேண்டும் என்கிறார்கள். யூட்யூபில் போட வேண்டும், கொடையன்று குழாய் ஸ்பீக்கரிலும் போட வேண்டும். அப்படி மூன்று நான்கு ஊர்களுக்குப் பழைய லேப்டாப்பில் செய்து கொடுத்தேன். நாலு ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க். எட்டு ட்ராக் (குரலுக்கும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஒலி வரிசை) தாண்டினால் டப் டப்பென்று வெடிக்கும். வெடிக்காமல் இருக்க பஃபரை, அதாவது ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து வெளியே விடுகிற இடத்தை, 1024 சாம்பிளுக்கு ஏற்ற வேண்டும்.

அந்த 1024-ல்தான் என் பிராணன் போனது. ஒரு விநாடியை 44,100 சாம்பிளாக நறுக்கி வைத்திருக்கிறது கம்ப்யூட்டர். 1024 சாம்பிள் சேரும்வரை காத்திருந்து வெளியே விட்டால் 23 மில்லி விநாடி பிந்தும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஒலி ஒரு மில்லி விநாடியில் ஒரு முழத்துக்கும் குறைவாகத்தான் போகும், ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். ஆக 23 மில்லி விநாடி என்றால், நான் கீபோர்டை இங்கே வைத்துக்கொண்டு, எட்டு மீட்டர் தள்ளி வேப்பமரத்தில் கட்டிய குழாயில் என் சத்தத்தைக் கேட்டு வாசிப்பது மாதிரி. மெதுவான விருத்தத்துக்குத் தாக்குப்பிடிக்கலாம். சாமி ஆடுகிற வேகத்தில் உடுக்கை போகும்போது, கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம். பஃபரை 128-க்கு இறக்கினால் மூன்று மில்லி விநாடிக்கும் கீழே. ஒரு மீட்டர். பக்கத்தில் இருக்கிற ஆள் வாசிப்பது மாதிரி. அந்த ஒரு மீட்டருக்காகத்தான் 50,000 ரூபாயைப் பையில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். இதெல்லாம் 2023 பங்குனியில். ரேம் விலை தங்கம் விலை மாதிரி, இன்றைக்கு நீங்கள் கேட்டால் வேறு சொல்வார்கள்.

மூன்றாவது கடைப் பையன் கொஞ்சம் பொறுமைசாலி. பேப்பரில் எழுதிக் கொடுத்தான். முதல் வரியிலேயே 18,000 ரூபாய்க்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அதை அடிக்கச் சொன்னேன். “அண்ணா, அது இல்லாட்டி சிஸ்டமே வேஸ்ட்டுண்ணா” என்றான். ரெக்கார்டிங்கில் அதற்கு அனேகமாக வேலையே இல்லை தம்பி; காற்றாடி மட்டும்தான் சுற்றும், அந்தச் சத்தம் மைக்கில் விழும் என்றேன். நம்பவில்லை, ஆனாலும் அடித்தான்.

அடித்ததால் ப்ராசஸருக்குள்ளேயே படம் காட்டுகிற வசதி வேண்டியதாயிற்று. ரைசன் 5 5600ஜி எடுத்தேன், 12,000. ஆறு கோர், அதாவது உள்ளே தனித்தனியாக வேலை பார்க்கிற ஆறு பிரிவு. இன்டெல் ஐ5 12400-ம் மனதில் இருந்தது, அதிலும் உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு (பெயர் முடிவில் எஃப் என்று இருந்தால் கிடையாது, ஏமாந்துவிடாதீர்கள்), ஆனால் அன்று நாலைந்தாயிரம் கூட. கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரே ட்ராக்கில் ஈக்வலைசர், கம்ப்ரசர், ரிவெர்ப் என்று ஒலியைச் செதுக்குகிற எஃபெக்ட்களை வரிசையாகப் போட்டால், முந்தினது முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொட முடியும். பந்தியில் சோறு விழாமல் சாம்பார் வாளிக்காரர் வந்து என்ன செய்வார்? பன்னிரண்டு பேர் வாளியோடு நின்றாலும் அந்த ஒரு இலைக்கு அவரவர் முறைதான். அதனால் ஒவ்வொரு கோரும் தனியாக எவ்வளவு வேகம் என்பது முக்கியம். ட்ராக் நிறைய இருந்தால் கோர் எண்ணிக்கையும் உதவும். அது பல இலை.

ரேம் எட்டு ஜிபி இரண்டு. பதினாறு ஜிபி ஒரே குச்சியாக வாங்கினால் பின்னால் ஏற்ற வசதி என்றான் பையன். நியாயம்தான். ஆனால் இந்த ப்ராசஸர் படம் காட்டவும் இதே ரேமைத்தான் கடன் வாங்கும். இரண்டு குச்சி ஜோடியாக ஓடினால் அதற்கு மூச்சு விடும். நாலு ஸ்லாட் உள்ள மதர்போர்டு, பி550 வகை, எடுத்ததால் இரண்டு காலியாகவும் இருக்கிறது. போர்டு 8,500, ரேம் 3,500.

பணம் மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க். வயலின் கூட்டம், தம்புரா மாதிரி பெரிய சாம்பிள் தொகுப்புகளில் (இங்கே சாம்பிள் என்றால் அசல் வாத்தியத்தைச் சுரம் சுரமாகப் பதிந்து வைத்தது) ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்க்கில் இருந்து இழுப்பார்கள். பத்து விரலும் விழுந்தால் நூறு இடத்தில் இருந்து இழுக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கின் முள் எங்கே என்று ஓடும்? 500 ஜிபி என்விஎம்இ, எஸ்எஸ்டியில் வேகமான வகை, 3,000 ரூபாய். பழைய ஹார்டு டிஸ்க்கை பேக்கப் எடுக்க வைத்துக்கொண்டேன், ரெக்கார்டிங் சமயம் கழற்றிவிடுவேன். அதுவும் உறுமும்.

உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் 450 வாட், நல்ல கம்பெனி, 3,500. கேபினெட்டோடு சேர்ந்தே ஓசியாக வரும் எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். கேபினெட்டா? விளக்கு எரியாத எதுவாக இருந்தாலும் சரி.

மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸை மவுண்ட் ரோடு பக்கம் ஓர் இசைக்கருவிக் கடையில் வாங்கினேன். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மலிவு, ஆனால் மைக் ஒன்றுதான் மாட்டலாம். எனக்குப் பாட்டுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று வேண்டும். அதனால் அதே கம்பெனியின் 2ஐ2, 15,000. மொத்தச் செலவில் இதுதான் பெரிய வரி, இதற்குத்தான் கை கூசவே இல்லை. மதர்போர்டிலேயே சவுண்ட் வருமே என்று கேட்பவர்களுக்கு: கேட்க அது போதும். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டை அது தராது, பஃபரை இறக்கி ஓட நல்ல ஏசியோ டிரைவரும் (ஒலி பிந்தாமல் போய்வர உதவும் சாஃப்ட்வேர்) அதோடு வருவது அபூர்வம். ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு ரீப்பர். அறுபது நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அறுபது டாலர் கட்டினேன். ஆயிரம் ரூபாய் பேரம் பேசி வாங்கிய மிஷினில் திருட்டு சாஃப்ட்வேர் போட என்னவோ மாதிரி இருந்தது.

ஊருக்கு வந்து, மகள் யூட்யூபைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நானே மாட்டினேன். முதல் பட்டனிலேயே எரிந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி.

மறுநாள் மைக்கை மாட்டினால் உம்ம்ம் என்று ஒரு சுருதி. கீபோர்டில் தேடிப் பார்த்தேன், ‘ஜி’க்குக் கொஞ்சம் மேலே. நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100-ம்தான் அந்த இடம். மைக்கின் உடம்பைக் கையால் பிடித்தால் குறையும், விட்டால் ஏறும். கேபினெட்டில் புறங்கையை வைத்தால் சுருக்கென்றது. கேபிள் மாற்றினேன், மைக் மாற்றினேன், கடைக்காரனைத் திட்டினேன். கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து பிளக்பாயின்ட்டைக் கழற்றிக் காட்டினார். மேலே பெரிய ஓட்டை இருக்கிறது, பின்னால் வயரே இல்லை. தாத்தா கட்டிய வீடு. எர்த் என்று ஒன்று போடவே இல்லை. கொல்லையில் குழி தோண்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். 2,800 ரூபாய், ஒரு கட்டிங் தனி. சுருதி நின்றது. பட்டியல் போடும்போது எந்தக் கடையிலும் யாரும் ‘எர்த் இருக்கா’ என்று கேட்கவில்லை.

அப்புறமும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ‘டப்’. எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற இலவச சாஃப்ட்வேரை ஓடவிட்டுப் பார்த்ததில் கள்ளன் மாட்டினான்: 400 ரூபாய் யூஎஸ்பி வைஃபை குச்சி. அதன் டிரைவர் அவ்வப்போது ப்ராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவில்லை. பிடுங்கி எறிந்தேன். இப்போது நெட் வேண்டுமென்றால் போன்தான்.

யூபிஎஸ்ஸை வைகாசியில்தான் வாங்கினேன். வாங்கிய வாரமே ஒரு ராத்திரி, உடுக்கைக்கார அண்ணாச்சி வந்திருந்தார். பதினொரு மணி, ஃபேனை நிறுத்தியாயிற்று, ரெண்டு பேர் முதுகிலும் வேர்வை ஓடுகிறது. மூன்று டேக் வீண்: ஒன்றில் ஃப்ரிட்ஜ், ஒன்றில் எதிர்வீட்டு டிவி, ஒன்றில் நான் தும்மினேன். நாலாவதில் பாதியில் கரண்ட் போனது. தெருவே அடங்கிவிட்டது. யூபிஎஸ் பிடித்துக்கொண்டது, இன்டர்ஃபேஸுக்கும் யூஎஸ்பியிலேயே கரண்ட் வருவதால் மைக்கும் உயிரோடு இருந்தது, ஸ்கிரீனில் ரெக்கார்டிங் சிவப்பு ஓடிக்கொண்டே இருந்தது. வாசிங்க என்று கையைக் காட்டினேன். இருட்டில் மனுஷன் பிய்த்து எறிந்தார். இடுப்புக் கயிற்றை அமுக்கி விடும்போது அது முனகுவதுகூட ஹெட்போனில் தனியாகக் கேட்டது.

முடிந்ததும் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நெற்றியைச் சுருக்கினார். கதவுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்த யூபிஎஸ், பேட்டரியில் ஓடும்போதெல்லாம் கத்துமாம்.

“ஏம்ப்பா, நல்லாத்தான் வந்திருக்கு. அந்த ஜால்ராக்காரன் யாரு, பிந்திப் பிந்திப் போடுதான்?”