மீதியில் காலா, முழுவதில் காலா?

போன கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறு பிள்ளைகள். எல்லாரும் தரம் 6, தரம் 7. பலகையில் நான் எழுதிப்போட்ட கணக்கு இதுதான்: ஒரு தோட்டத்தின் 1/3 பங்கில் வெங்காயம். மீதியின் 1/4 பங்கில் மிளகாய். மிச்சம் வெறுங்காணி. வெறுங்காணி முழுத் தோட்டத்தில் எத்தனை பங்கு?

கொஞ்ச நேரத்தில் ஐந்து கொப்பிகளில் 5/12 வந்துவிட்டது. 1/3ஐயும் 1/4ஐயும் கூட்டி 7/12, அதை ஒன்றிலிருந்து கழித்து 5/12. பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) சரி, சமவலுப் பின்னம் சரி, கழித்ததும் சரி. விடை மட்டும் பிழை.

பிள்ளைகள் கூட்டலில்தான் தடக்குப்படுகிறார்கள் என்று நானும் கனகாலம் நம்பியிருந்தேன். அதனால் கூட்டலையே பக்கம் பக்கமாகச் செய்வித்தேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போது மனம் வருந்துகிறது. அவர்களுக்குத் தெரியாமல் போனது கூட்டல் அல்ல. எதனுடைய பங்கு என்று கேட்பதற்கு நான் பழக்கவில்லை.

ஐந்து கொப்பிகளில் ஒன்று, தகப்பன் வெங்காயம் செய்கிற ஒரு தம்பியுடையது. அவனைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் காணியைப் பரப்பு என்ற அளவில்தான் சொல்வோம்.

"உங்கட தோட்டம் எத்தினை பரப்பு தம்பி?"

"எட்டு, ரீச்சர்."

"சரி, அதில மூண்டில ஒரு பங்கு வெங்காயம் எண்டு வை."

விரல்விட்டுப் பார்த்தான். "எட்டு மூண்டாப் பிரியாது ரீச்சர். பன்னிரண்டு எண்டு வைப்பமா? அது மூண்டாவும் பிரியும், நாலாவும் பிரியும்."

பொ.ம.சி. எதற்கு என்று இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. மூன்றாகவும் நாலாகவும் பிரியக்கூடிய ஆகச் சிறிய தோட்டத்தை அவனே தேடிக்கொண்டான். பலகையில் பன்னிரண்டு கட்டம் கீறினோம். நாலு பரப்பு வெங்காயம். மீதி எட்டு. அந்த எட்டில் கால், இரண்டு பரப்பு மிளகாய். மிச்சம் ஆறு, அதாவது அரைத் தோட்டம். பின்னப் பெருக்கல் தொடாமலே விடை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பிள்ளை தன் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் மிளகாய்க்கு மூண்டு பரப்புக் குடுத்திட்டன். ஒண்டு கூடப் போச்சு." பிழை எங்கே என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

(ஊர்க் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். அப்படியென்றால் ஒரு பரப்பு ஏக்கரில் வீசம், 1/16. இதைச் சொன்னதும் வீட்டுக் காணியை ஏக்கரில் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.)

வசனக் கணக்கில் முதலில் பார்க்கவேண்டியது எண் அல்ல, எண்ணுக்கு முன்னால் நிற்கிற சொல். 'தோட்டத்தின்', 'மீதியின்' என்பதில் விடையே மாறிப்போகிறது. அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போடாமல் யாரும் கணக்குத் தொடங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் 'மூன்றில் இரண்டு' என்று கீழே இருக்கிற எண்ணைத்தான் முதலில் சொல்கிறோம். காதால் கேட்டு எழுதுகிற பிள்ளை கேட்ட ஒழுங்கிலேயே 3/2 என்று எழுதுகிறது. அது கவனமில்லாத பிள்ளை இல்லை, கேட்டபடி எழுதிய பிள்ளை.

'கூட' என்று வந்தால் கூட்டு, 'குறைய' என்று வந்தால் கழி என்று ஒரு ரியூசனில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இது எனக்குக் கோபம் வருகிற விடயம். 'என்னிடம் முக்கால் லீற்றர் பால் இருக்கிறது. அது அக்காவிடம் இருப்பதைவிடக் கால் லீற்றர் கூட. அக்காவிடம் எவ்வளவு?' 'கூட' இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டும். சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடிய பிள்ளை அக்காவுக்கு ஒரு லீற்றர் கொடுத்துவிடும்.

கழித்தலுக்கு நான் எடுப்பது மண்ணெண்ணெய். தொண்ணூறுகளில் போரால் எங்கள் பக்கம் பொருளாதாரத் தடை இருந்து மண்ணெண்ணெய் தட்டுப்பாடாக இருந்தபோது ஜாம்போத்தல் விளக்கில் படித்தவள் நான். அப்பா எண்ணெயைச் சிந்தாமல் அளந்து ஊற்றுவது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்றேகால் லீற்றரில் ஒன்றரை லீற்றரைத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு விட்டால் மிச்சம் எவ்வளவு? பாதிப்பேர் இரண்டேகால் என்பார்கள். காலில் அரை போகாது என்பதால் அரையிலிருந்து காலைக் கழித்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் நான் விதி சொல்வதில்லை, எல்லாவற்றையும் காலாக எண்ணச் சொல்வேன். மூன்றேகால் என்றால் பதின்மூன்று கால். ஒன்றரை ஆறு கால். மிச்சம் ஏழு கால், ஒன்றேமுக்கால். முக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே மூன்று கால் இருக்கிறதே.

நேற்று ஆளுக்கொரு கணக்குச் சொந்தமாக எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மிளகாய்க்கு ஒரு பரப்புக் கூடக் கொடுத்த பிள்ளை எழுதியது: 'அப்பா ஒரு றாத்தல் பாண் வாங்கினார். தம்பி அரைவாசி சாப்பிட்டான். மிச்சத்தில் பாதியை நான் எடுத்தேன். என் பங்கிலும் மூன்றில் ஒன்றைத் தம்பி கேட்டு வாங்கினான். எனக்கு எவ்வளவு?'

பாணை எத்தனை துண்டாக வெட்டிக் கீறுவது என்று பெரிய வாதம். ஒருவன் எட்டு என்றான்.

"எட்டு மூண்டாப் பிரியாதடா," என்றான் தோட்டக்காரத் தம்பி, வெண்கட்டியை எடுத்துக்கொண்டு.