தாத்தாவின் சீட்டுக் கணக்கு

மார்ச் 3, செவ்வாய்
பெங்களூர் ஸ்ரீராம்புரம் வீட்டை விற்பது முடிவாகிவிட்டது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் அப்பா. தாத்தா பின்னி மில் சம்பளத்தில் கட்டிய வீடு, உயில் கிடையாது. பிள்ளைகள் இவர்கள் இருவர்தான். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சமபங்கு உண்டு என்றேன். "அவ கேக்கவே மாட்டா."

மார்ச் 5, வியாழன்
தாத்தா பேருக்கு இந்தத் தெருவில் இன்றும் மரியாதை. மில் ஆட்களைச் சேர்த்து ஏலச்சீட்டு நடத்தினார். ஆரம்பத்திலேயே சீட்டை எடுத்த ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்துவிட, மற்றவர்களுக்குப் பைசா பாக்கியில்லாமல் தாத்தாவே கட்டினார். பாட்டி நகை போனது. அந்தப் பேரை நம்பித்தான் பின்னாளில் அப்பாவுக்குக் கடை வைக்கக் கைமாற்று கிடைத்தது. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் "செப்பம் உடையவன் ஆக்கம்" குறளும் வரும்: நேர்மையானவன் செல்வம் அழியாமல் அவன் பிள்ளைகளுக்குத் துணை நிற்குமாம்.

வராதது ஒன்று. அந்த வருடம்தான் அத்தையை எட்டாம் வகுப்போடு நிறுத்தி, ஊதுபத்தி உருட்ட உட்கார வைத்தார்கள்.

மார்ச் 7, சனி
வக்கீல் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். பழைய இந்துச் சட்டத்தில் தகப்பன் கடனுக்கு மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரை பொறுப்பாம். சூதாடி, குடித்து வாங்கிய கடனென்றால் மட்டும் விலக்கு. யோக்கியன் பிள்ளைக்குத்தான் சுமை! வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கும் கடன்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. சட்டம் மகனைத்தான் பிடித்தது. எங்கள் வீட்டில் கட்டியது மகள்.

மார்ச் 8, ஞாயிறு
அல்சூரில் அத்தை வீடு. தாத்தா செய்தது சரியா என்று கேட்டேவிட்டேன்.

"அப்பா பண்ணது சரிதான்டா. என்னைக் கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலையே."

குறளைச் சொன்னதும் சிரித்தார். "இந்த ஏரிக்கரைல வள்ளுவர் சிலையையே திறக்க விடாம 18 வருஷம் மூடி வெச்சிருந்தாங்க. அவருக்கு எங்க வீடு எங்க தெரிஞ்சிருக்கும்?"

தாத்தா செய்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேர் ஒருத்தருக்கு, பலன் ஒருத்தருக்கு, பில் இன்னொருத்தருக்கு என்று போயிருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்
விடுதலைப் பத்திரமே வேண்டாம், விற்பனைப் பத்திரத்தில் அத்தையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அவர் பங்கை வாங்கிக்கொள்ளட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். ராத்திரிச் சாப்பாடு வரை பேச்சில்லை.

"பாதியா?"

பாதிதான் என்றேன். பழைய டைரியை எடுத்து, கடைக் கடன் போக மீதி எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.