அந்த மாத்திரையை நான்தான் நிறுத்தினேன்

"இதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடக்கூடாதுன்னு ஹார்ட் டாக்டர் சொன்னாரே?" என்று கேட்டார் நோயாளி. கையில் பிசோப்ரோலால் அட்டை; இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. "இப்போதைக்கு வேண்டாம் ஐயா. முதல்ல நுரையீரல் சரியாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் அடைபட்டு மூச்சுவிடச் சிரமப்படுத்தும் நாள்பட்ட நுரையீரல் நோய், முற்றியவர். நெஞ்சு முழுக்க வீசிங். இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தவர். பீட்டா பிளாக்கர் மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்று படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்தது, யோசிப்பதற்குள் பேனாவுக்கு வந்துவிட்டது. பிசோப்ரோலால் பெரும்பாலும் இதயத்தில் உள்ள பீட்டா 1 ஏற்பிகளில்தான் வேலை செய்யும், மூச்சுக்குழாயில் இருப்பவை பீட்டா 2 என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த மாத்திரையோடுதான் அவர் இரண்டு வருடம் நடமாடினார் என்பதும் கேஸ் ஷீட்டில் இருந்தது.

வீடு போன ஆறாம் நாள் திரும்பி வந்தார். அப்போதும் நான் முதலில் சொன்னது நெபுலைசரைத்தான். நாடியைப் பிடித்த பிறகே உறைத்தது: தாறுமாறான துடிப்பு. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது; நிமிடத்துக்கு 150-க்கு மேல். இரண்டு காலும் வீங்கியிருந்தன. நான் வீசிங் என்று கேட்டதில் பாதி, நுரையீரலில் கோத்திருந்த நீர்.

மாத்திரையை நிறுத்தியதால்தான் வந்ததா? எத்தனையோ இரவு இதைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். சிஓபிடி திடீரென மோசமாகும்போது இதயமும் சேர்ந்தே அடிவாங்குகிறது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் நாளங்கள் சுருங்கி, வலது கீழறை அந்த அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அழற்சியால் ரத்தம் உறையும் தன்மை கூடும். மூச்சுக்குழாயை விரிக்க நாம் கொடுக்கும் சால்பியூட்டமாலே துடிப்பை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். அடுத்த சில வாரங்களுக்கு மாரடைப்பு அபாயமும் அதிகம். ஆக, மாத்திரை போட்டிருந்தாலும் இது நடந்திருக்கலாம்.

2019-இல் வெளியான, மெட்டோப்ரோலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கர் பற்றிய ஆய்வையும் துணைக்கு இழுத்துக்கொள்வேன். சிஓபிடி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில், நோய் மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் கூடினார்கள். என் பயம் வீண் பயமல்ல என்று ஒரு நிம்மதி வரும். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் பீட்டா பிளாக்கர் தேவைப்படாதவர்கள். இவருக்கு அது தேவை. இதய ரத்தநாள நோய் உள்ளவருக்கு அதைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, குறைப்பதானாலும் படிப்படியாகத்தான். நான் குறைக்கக்கூட இல்லை, மருந்துச்சீட்டிலிருந்தே அடித்துவிட்டேன். அங்கே என் நிம்மதி போய்விடும்.

'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. எப்போது, யார் பார்ப்பது என்று நான் எழுதவில்லை. நுரையீரலைப் பார்த்து முடிக்கும்வரை இதயம் ஓரமாகக் காத்திருக்கும் என்பதுபோல் பேசியிருக்கிறேன். அவர் கேட்டது சரியான கேள்வி. ஒரு போன் போட்டு இதய மருத்துவரைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் மாறிவிட்டேன் என்று சொல்ல ஆசை. போன மாதம் இதே மாதிரி ஒருவர் வந்தார். நிறுத்தவில்லை, பாதியாகக் குறைத்தேன். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நன்றாகவே இருந்தன, குறைக்கக் காரணமே இல்லை. அந்த வீசிங் சத்தம் காதில் விழுந்தால் இன்னமும் கை பின்வாங்குகிறது.

அவர் பிழைத்துக்கொண்டார். இரண்டாவது முறை வீட்டுக்குக் கிளம்பும்போது அதே அட்டையை எடுத்து நீட்டினார். "இனிமே இதைப் போடலாமா டாக்டர்?" போடுங்கள் ஐயா, 1.25 மில்லிகிராமில் தொடங்கலாம் என்றேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில், பிசோப்ரோலால் மீண்டும் தொடங்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.