பானையோட அடிவயிறு

போன வாரம் பாலக்கோட்டுல ஒரு மண்சட்டி வாங்கினேன். கழுவறப்ப உள்ள விரல் ஓட்டினா மேல் பாதில சக்கரம் சுத்துன வரி ஓடுது, கீழ வர வர வரி மறைஞ்சு லேசா குழி குழியா ஆயிடுது. அந்த எடத்துல கை அப்படியே நின்னுருச்சு.

எங்க ஆயா ஊருல பானை செய்யறவங்க வீடு அடுத்த தெரு, ஸ்கூல் விட்டா நேரா அங்கதான். பானையோட வாயும் கழுத்தும்தான் சக்கரத்துல வரும், அடி ஓட்டையாவே இருக்கும், கொஞ்சம் காய வச்சுட்டு உள்ள ஒரு கையில உருண்டைக் கல்லப் புடிச்சுகிட்டு வெளிய பலகையால டப் டப்புன்னு தட்டித் தட்டித்தான் அந்த ஓட்டைய மூடுவாங்க, தடியா இருந்த மண்ணு மெலிசாகி வயிறு மாதிரி உருண்டு வரும். உள்ள கல்லு இல்லாம தட்டினா குழிஞ்சு போயிரும் கண்ணுன்னு அந்தம்மா சொல்லும்.

தம்பி கைக்கொழந்தையா இருந்தப்ப ஆயா அவன மடில உக்கார வச்சு, ஒரு கைய நெஞ்சுக்குக் குடுத்து, இன்னொரு கையால முதுகத் தட்டும், ஏப்பம் வர்ற வரைக்கும். அதே தட்டு, அதே வேகம். எனக்கு ரெண்டும் ஒண்ணாவே மனசுல பதிஞ்சு போச்சு, உருண்ட அடிய எங்க தொட்டாலும் ஆயா கைதான்.

இப்ப கேஸ் அடுப்புக்குன்னு தட்டையான அடி வச்சு விக்கறாங்க, அவசியம் புரியுது, ஆனா எனக்கு மனசு ஒட்டல. உருண்ட அடி தரையில நிக்காது, பிரிமணை வேணும், ஆனா மூணு கல்லு மேல கச்சிதமா உக்காரும், தீ சுத்தி ஏறும், கேவுரு களி கிண்டறப்ப துடுப்பு மாட்ட ஒரு மூலை கிடையாது.

நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைல அகழாய்வுல கிடைச்ச இரும்பு கி.மு. 2172ன்னு 2022ல அறிவிச்சப்ப எல்லாரும் இரும்பப் பத்தியே பேசினாங்க. எனக்கு அங்க கிடைச்ச கருப்பு சிவப்புப் பானை ஓடுங்க மேலதான் கண்ணு. அதுல ஒரு ஓட்டுத் துண்டையாவது உள்பக்கம் விரலால தடவிப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

சட்டி இப்ப அரிசி கழுவுன தண்ணில ஊறுது. இன்னும் ரெண்டு நாள் போகட்டும், மொதல்ல கீரைதான் கடையணும்.