ஒரே மிளகு, மூன்று வரி

இலங்கை மிளகுக்கு இந்தியத் துறைமுகத்தில் எவ்வளவு வரி என்று கேட்டால், கையில் எந்த ஒரிஜின் சர்டிபிகேட் (சரக்கு எந்த நாட்டுடையது என்று காட்டும் சான்றிதழ்) இருக்கிறது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை இருதரப்பு வர்த்தக ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் என்ற கோட்டா வரை வரியே கிடையாது. 2006-இல் வந்த சாப்டாவில் (தெற்காசிய நாடுகளின் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்) 8 சதவீதம். சலுகை ஏதுமில்லாமல் இறக்கினால் 70. 12 டன் சரக்கு, கிலோ 500 ரூபாய் என்றால் மதிப்பு 60 லட்சம்; அடிப்படை வரி மட்டும் பூஜ்யம், 4.8 லட்சம் அல்லது 42 லட்சம்.

சாப்டா வந்ததும் பழைய ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் படிவம் வேறு. ஒன்றின் சர்டிபிகேட்டைக் காட்டி மற்றதன் வரியைக் கேட்க முடியாது. கோட்டா தீர்ந்த பிறகு இருதரப்புச் சர்டிபிகேட்டோடு கன்டெய்னர் வந்து நின்றால், கொழும்பிலிருந்து சாப்டா சர்டிபிகேட் வரும்வரை டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஏறிக்கொண்டே இருக்கும். சரக்கு ஏற்றும் முன்பே கோட்டா நிலவரத்தைக் கேட்டுவிடுவதுதான் மலிவு. சாப்டா சர்டிபிகேட்டை இணைத்துவிட்டு, பில் ஆஃப் என்ட்ரியில் (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) பழக்கதோஷத்தில் இருதரப்புச் சலுகைக்கான 26/2000 அறிவிக்கை எண்ணைப் போட்டால் அதற்கும் கேள்வி வரும்.

மிளகைத் தாண்டினால் கணக்கு இன்னும் சிக்கல். இரண்டிலுமே இலங்கைக்குக் குறைந்தபட்ச உள்நாட்டு மதிப்புக்கூட்டல், அதாவது சரக்கின் மதிப்பில் இலங்கையிலேயே சேர வேண்டிய பங்கு, 35 சதவீதம்தான். வித்தியாசம், பிற நாட்டு மூலப்பொருளைச் சேர்த்துக் கணக்கிடுவதில். இருதரப்பில் இந்தியப் பொருளை மட்டும் சேர்க்கலாம். மொத்தம் 35 வந்தால், இலங்கையின் பங்கு 25 இருந்தால் போதும். சாப்டாவில் வங்கதேசப் பொருளையும் சேர்க்கலாம். இலங்கையின் பங்கு 20 ஆனாலும் சரி, ஆனால் மொத்தம் 50 வர வேண்டும். வங்கதேசத் துணி கலந்த சரக்குக்கு இருதரப்புச் சர்டிபிகேட் வாங்கி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வேறு நாட்டு மிளகை இலங்கையில் அரைத்து அனுப்பினால் இரண்டு வழியும் அடைபடும். மூலப்பொருளின் கஸ்டம்ஸ் குறியீட்டில் முதல் நான்கு இலக்கம் மாறினால்தான் அது புதுப் பொருள். முழு மிளகு 090411, தூள் 090412. நான்கு இலக்கத் தலைப்பு 0904 மாறவே இல்லை. எவ்வளவு மதிப்புக் கூட்டினாலும் அது இலங்கைச் சரக்கு ஆகாது.

"சர்டிபிகேட்டில் அரசு முத்திரை இருக்கிறதே" என்ற பதில் 2020 செப்டம்பர் 21 முதல் எடுபடுவதில்லை. எங்கே விளைந்தது, எப்படித் தயாரானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். கஸ்டம்ஸ் கேட்டால் 10 வேலை நாளில் கொடுக்க வேண்டும். அந்த ஃபைலை 5 ஆண்டு தூக்கிப்போட முடியாது.